இரண்டாவது கதவு: கஸ்கேடியாக் கொடி பிடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கஸ்கேடியா நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க-கனடா எல்லையின் இரண்டு பக்கத்து மேற்குக் கரையையும் ஒன்றாகச் சேர்த்துக் கஸ்கேடியா என்கிறீர்கள். அதன் கொடி என் வீட்டு வாசலில் நிற்கிறது. மகனுடைய காரின் பின்கண்ணாடியில் நீலம், வெள்ளை, பச்சை என்று மூன்று பட்டை, நடுவில் ஒரு டக்ளஸ் ஃபிர் மரம். ஒட்டிய அன்று "எந்த நாட்டுக் கொடி தம்பி?" என்று கேட்டேன். "இன்னும் வராத நாட்டுக் கொடி அப்பா" என்றான். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி புரையேறிவிட்டது. வராத நாட்டுக் கொடியை நானும் ஒருகாலத்தில் பார்த்தவன். ஒட்டிவைக்க எங்களிடம் கார் இருக்கவில்லை, சைக்கிள்தான். அதில் ஒட்டினால் ஆமிக்காரரின் சென்றிப் பொயின்டில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

நான் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சரே நகரத்தில் இருக்கிறேன். பிறந்தது யாழ்ப்பாணத்து வடமராட்சி. 25 வருடமாக ட்ரக் ஓட்டுகிறேன். பெரும்பாலும் ப்ளெய்ன் எல்லையைக் கடந்து ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கே அமெரிக்காவுக்குள் போகிற ஓட்டம். யாக்கிமா அப்பிள், போர்ட்லாந்துச் சரக்கு, மரப்பலகை, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். உங்கள் கனவு நாட்டின் வரைபடத்தைச் சுவரில் மாட்டியவர்கள் பலர் இருப்பார்கள். நான் அதன் மேல் மாதக்கணக்காகச் சில்லு உருட்டுகிறவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம், எனக்கு யோசிக்க வருவது தமிழில்தான். மகன் மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். உங்களில் சிலர் சினூக் வாவா என்ற பழைய வியாபார மொழியை மறுபடி படிக்கிறார்கள் என்று அவன்தான் சொன்னான். நல்ல விஷயம். மீனும் தோலும் மாற்ற ஆற்றங்கரைக்கு வந்த பல இனத்து ஆட்கள் சேர்ந்து வளர்த்த மொழி அது. எங்கள் யார்டில் ஒரு வயசான வெள்ளைக்கார மெக்கானிக் இருக்கிறார். திருத்தின பாகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு "ஸ்கூகம்" என்பார். பலமான சாமான் என்று அர்த்தம். அது எந்த மொழிச் சொல் என்று அவருக்கே தெரியாது.

முதலில், உங்களை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்கள், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அதோடு ஆளுக்கேற்றபடி ஐடஹோ, வட கலிபோர்னியா, அலாஸ்காவில் கொஞ்சம் கொஞ்சம். முதல் மூன்றின் சனத்தொகை மட்டும் ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம். சியாட்டில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பித்த டேவிட் மெக்லொஸ்கி, அரசியல் கோடுகளை அழித்துவிட்டு, ஆறு எங்கே பிறந்து எங்கே விழுகிறது என்பதை வைத்து வரைபடம் போட்டார். 1990களின் நடுவில் அலெக்ஸாண்டர் பாரெட்டிச் கொடியை வரைந்தார். நீலம் வானமும் தண்ணீரும், வெள்ளை பனியும் முகிலும், பச்சை காடு. பிறகு ஃபுட்போல் ரசிகர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 2004 முதல் போர்ட்லாந்து, சியாட்டில், வன்கூவர் அணிகளுக்கு நடுவில் கஸ்கேடியாக் கோப்பை. லீக் நிர்வாகம் அந்தப் பெயரை வணிக முத்திரையாகப் பதியப் பார்த்தபோது, மைதானத்தில் ஒருவரை ஒருவர் திட்டுகிற மூன்று ஊர் ரசிகர்களும் ஒன்றாக நின்று மல்லுக்கட்டினார்கள். என் மகன் உங்களிடம் வந்து சேர்ந்தது இந்தக் கோப்பை வழியாகத்தான். ஆறு, காடு எல்லாம் பிறகு வந்த விளக்கம்.

உங்களில் சிலருக்குத் தனிநாடு வேண்டும். சிலருக்கு 'பயோரீஜன்', அதாவது ஆறும் மலையும் காடும் சேர்ந்து வகுத்த ஒரே நிலம், என்ற உணர்வே போதும். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஸ்டிக்கர் ஒன்றுதானே.

நிலத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. சரேயின் தெற்கு ஓரத்தில் ஸீரோ அவெனியூ என்று ஒரு ரோட்டு ஓடுகிறது. ரோட்டோரக் கானைத் தாண்டினால் அமெரிக்கா. கானுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே மழை, அதே ஈர மண், அதே பெர்ரிப் பழத் தோட்டங்கள், அதில் வேலை செய்கிற அதே பஞ்சாபி ஆட்கள்.

2021 நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். நூக்சாக் ஆறு வாஷிங்டன் மாநிலத்தில் பேக்கர் மலைப் பக்கம் பிறந்து, வாஷிங்டனிலேயே கடலில் விழுவது. கனடாவில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் எவர்சன் என்ற ஊரடியில் கரை மீறினால், வடக்கே சரிந்து எல்லையைத் தாண்டி அபொட்ஸ்போர்டின் சூமாஸ் சமவெளிக்குள் வந்துவிடும். வந்தது. அங்கே முன்பு சூமாஸ் ஏரி இருந்தது. செமாத் என்ற ஆதிமக்களுக்குச் சோறு போட்ட ஏரி. 1924 அளவில் அதை வடித்து வயலாக்கினார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்துத் தண்ணீர் தன் பழைய இடத்தில் வந்து படுத்துக்கொண்டது.

நான் அந்த நேரம் ஹோப் என்ற சின்ன ஊரில் ட்ரக்கோடு மாட்டுப்பட்டேன். முன்னால் மண்சரிவு, பின்னாலும் மண்சரிவு. சரேயில் ஒரு குருத்வாராவில் சமைத்த சாப்பாட்டை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். வானத்திலிருந்து சாப்பாடு இறங்குவதை நான் பார்த்தது அது இரண்டாம் தடவை. முதல் தடவை 1987 ஜூனில், யாழ்ப்பாணத்துக்கு மேலே இந்திய விமானங்கள். அது வேறு கதை.

ரோட்டுகள் எல்லாம் அறுந்து, கடலோரம் மற்றக் கனடாவிலிருந்து துண்டாகக் கிடந்தது. பெற்றோல் ஒரு தடவைக்கு 30 லீட்டர்தான். வன்கூவரிலிருந்து கல்கரிக்குச் சரக்குக் கொண்டுபோக நாங்கள் வாஷிங்டன், ஐடஹோ, மொன்டானா என்று சுற்றி ஓடினோம். கனடாவிலிருந்து கனடாவுக்குப் போக அமெரிக்காதான் வழி! கஸ்கேடியா என்று ஒன்று இருக்கிறது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டீசல் பில்லில் பார்த்தேன்.

நிலத்துக்கு அடியிலும் நீங்கள் சொல்வது சரி. வன்கூவர் தீவிலிருந்து வட கலிபோர்னியா வரை கடலுக்கடியில் ஏறக்குறைய 1000 கிலோமீட்டருக்கு ஒரு பிளவு கிடக்கிறது. அதன் பெயரே கஸ்கேடியா. கடைசியாக அது முழுசாக உடைந்தது 1700 ஜனவரி 26 இரவு. அளவு 9 வரும் என்கிறார்கள். இங்கே அதைத் தேதி போட்டு எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை. நிலநடுக்கம் இல்லாமலே வந்த ஒரு சுனாமியை ஜப்பானியர்கள் குறித்து வைத்திருந்ததால்தான் நாளும் நேரமும் தெரியவந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்குப் பக்கத்தில் உடைந்ததும் இதே வகைப் பிளவுதான். அந்த அலை எங்கள் வடமராட்சிக் கிழக்கை அடித்துக்கொண்டு போனது. உங்கள் கொடியில் மரம் இருக்கிறது, இந்தப் பிளவு இல்லை. கடற்கரையில் பிறந்தவனுக்கு அது ஒரு குறையாகத்தான் படும்.

சரி, நிலம் ஒன்று. ஆகவே நாடும் ஒன்றாக வேண்டும் என்று நீங்கள் அடுத்த அடி வைக்கும்போதுதான் நான் பிரேக் போடுகிறேன்.

இரண்டு நாட்டுக்கும் எல்லையான 49ஆவது அகலக்கோடு பொய்க்கோடு என்கிறீர்கள். 1846இல் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்தப் பக்கத்துச் சனத்தைக் கேட்காமலே இழுத்த கோடு. உண்மை. பொயின்ட் ரொபர்ட்ஸ் என்ற மூக்கு நுனி கனடாவில் தொங்கிக்கொண்டு அமெரிக்காவாக இருப்பது அந்தக் கோட்டின் பைத்தியக்காரத்தனத்துக்குச் சாட்சி. ஆனால் அந்தப் பொய்க்கோடு சில பேருடைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அவர்களை உங்கள் வரைபடத்தில் நான் காணவில்லை.

சார்ள்ஸ் மிச்செல் என்ற பையனைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒலிம்பியாவில், வாஷிங்டன் பிரதேசத்து நில அளவைத் தலைமை அதிகாரியின் வீட்டில் அடிமை. வயது 13 அளவு. 1860இல் எலைசா அண்டர்சன் என்ற நீராவிக் கப்பலில் ஒளிந்து விக்டோரியாவுக்குக் கிளம்பினான். உதவி செய்தவர்கள் விக்டோரியாவில் இருந்த கறுப்பின மக்கள். நடுவழியில் பிடிபட்டு, ஓர் அறைக்குள் பூட்டப்பட்டான். கப்பல் விக்டோரியாவில் நின்றதும் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிரிட்டிஷ் மண்ணில் அடிமை கிடையாது என்று நீதிபதி அவனை இறக்கிவிடச் சொன்னார். ஒரு கடல்நீரிணை, அதே தண்ணீர், அதே ஃபிர் மரம் இரண்டு கரையிலும். மாறியது சட்டம் மட்டும்தான்.

அந்தக் கறுப்பின மக்கள் விக்டோரியாவுக்கு எப்படி வந்தார்கள்? 1858இல் கலிபோர்னியாவின் சட்டங்களைத் தாங்க முடியாமல் சில நூறு பேர் கப்பலேறி வடக்கே வந்தார்கள். வரவேற்ற ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் கயானாவில் பிறந்தவர், கலப்பினத் தாயின் பிள்ளை. அதற்கும் முந்தி, 1844இல், ஜோர்ஜ் புஷ் என்ற கறுப்பின விவசாயி குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் வண்டி கட்டி ஓரிகனுக்கு வந்தார். கறுப்பர்கள் அங்கே இருக்கக் கூடாது என்று புதுச் சட்டம். கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே அந்தச் சட்டத்தின் கை நீளவில்லை. ஆற்றைக் கடந்து இப்போதைய டம்வாட்டர் பக்கம் போய்க் குடியேறினார். ஓர் ஆறு குறுக்கே ஓடினாலே போதுமாயிருந்தது அவருக்கு.

என் கதையும் அதுதான். 1989இல் ஏஜென்சிக்காரன் எங்களை நியூயோர்க் மாநிலத்தில் பஃபலோ வரை கொண்டுவந்து விட்டான். "இங்கே உங்களுக்குச் சரிவராது, பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் கேளுங்கள்" என்றான். பீஸ் பிரிட்ஜைக் கடந்து போர்ட் ஈரியில் அகதி என்று சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். ஒரு பெண் அதிகாரி கோப்பி வாங்கித் தந்தார். அன்றைக்கு அமெரிக்காவும் கனடாவும் ஒரே நாடாக, ஒரே சட்டமாக இருந்திருந்தால் எனக்கு அந்தக் கோப்பி கிடைத்திருக்காது. ஒரு வீட்டில் அடித்தால் ஓடிப்போய்த் தட்ட இரண்டாவது கதவு ஒன்று வேண்டும். அதைத்தான் நான் எல்லை என்கிறேன்.

இரண்டு பக்கமும் ஒரே மனசாக இருந்த நாட்களும் இந்தக் கரையில் உண்டு. 1907 செப்டெம்பர் 4 அன்று வாஷிங்டனில் பெல்லிங்ஹாம் ஊரில் நூற்றுக்கணக்கான வெள்ளைக்காரர்கள் திரண்டு, மரஆலைகளில் வேலை செய்த இந்தியர்களை அடித்துத் துரத்தினார்கள். பெரும்பாலும் சீக்கியர்கள். சிலர் வடக்கே வன்கூவருக்கு ஓடினார்கள். மூன்றே நாளில், செப்டெம்பர் 7 அன்று, வன்கூவரில் சீனர் தெருவிலும் ஜப்பானியர் தெருவிலும் கண்ணாடி உடைந்தது. இரண்டு ஊரிலும் ஆசியர் விலக்குச் சங்கத்தின் பேச்சு ஒன்றுதான். 1942இல் அமெரிக்கா ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரைக் கடற்கரையிலிருந்து பிடுங்கி முகாமுக்கு அனுப்பியது. அதே வருடம் கனடா 22,000 பேரளவில் அதையே செய்தது. எல்லையைப் பொருட்படுத்தாத, நீங்கள் ஆசைப்படுகிற ஒற்றுமை அந்த இரண்டு தடவையும் நன்றாகவே வேலை செய்தது. மன்னியுங்கள், கடுமையாகச் சொல்கிறேன். ஆனால் வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வரவில்லை.

கனடாவைக் கோயிலாக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். 1914இல் கோமகட்டா மாரு கப்பல் 376 பேருடன் வந்து வன்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நின்றது. இருபது சொச்சம் பேரை மட்டும் இறக்கிவிட்டு மிச்சப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 2016 ஆனது. நடுவில், 2010 ஆகஸ்டில், எங்கள் கப்பல் வந்தது. சன் சீ. ஈழத்தமிழர் 492 பேர், அதில் பெண்களும் பிள்ளைகளும். வன்கூவர் தீவில் எஸ்குவைமோல்ட்டில் கரையடைந்தார்கள். ரேடியோவில் சனம் கதைத்ததைக் கேட்டுக்கொண்டே நான் அந்தக் கிழமை ஐ-5இல் ஓடினேன். ஒரு இடத்தில் நிறுத்தி ரேடியோவை அணைக்க வேண்டியிருந்தது. ஆண்களை மேப்பிள் ரிட்ஜ் சிறையில் மாதக்கணக்கில் வைத்தார்கள். ஆனாலும் அவர்களைத் திருப்பிக் கடலுக்குள் தள்ளவில்லை. ஒவ்வொருவருக்கும் விசாரணை நடந்தது, வக்கீல் இருந்தார், மேன்முறையீடு இருந்தது. 1914க்கும் 2010க்கும் நடுவில் மாறியது கடற்கரை அல்ல.

அந்தக் கதவும் இப்போது துருப்பிடித்துவிட்டது. 2004 கடைசியில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தத்தின்படி, அமெரிக்காவில் கால் வைத்துவிட்டு எல்லைச் சாவடியில் வந்து கேட்பவரைக் கனடா பெரும்பாலும் திருப்பி அனுப்பும். 2023 மார்ச்சில் அதை எல்லை முழுவதற்கும் நீட்டினார்கள். என் அன்றைய வயசில் ஒருவன் இன்றைக்குப் பஃபலோவில் வந்து நின்றால், அநேகமாக அவனுக்கு வழியில்லை.

ஆகவே என் கேள்வி இது. உங்கள் நாடு வந்த பிறகு, ப்ளெய்ன் எல்லையில் நிற்கிற பீஸ் ஆர்ச் வளைவில் ஒருவன் பையோடு வந்து "எனக்குப் போக இடமில்லை" என்றால் என்ன சட்டம்? ஆற்றுக்கும் காட்டுக்கும் உங்களிடம் பதில் இருக்கிறது. மகன் காட்டிய உங்கள் எழுத்துகளில் இதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

நாடு கேட்பதையே கிண்டல் செய்கிறவன் அல்ல நான். பெல்லிங்ஹாமில் அடி வாங்கிய மாதிரி ஆட்கள் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? 1913இல் ஓரிகனில், கொலம்பியா ஆறு கடலில் விழுகிற அஸ்டோரியாவில், மரஆலைத் தொழிலாளிகள் கூடி கதர் கட்சியைத் தொடங்கினார்கள். தலைவர் சோகன் சிங் பக்னா. நோக்கம் இந்திய சுதந்திரம். எங்களை அடிக்கும்போது கேட்க ஓர் அரசு இல்லை, அதனால்தான் அடிக்கிறார்கள் என்பது அவர்களுக்கு ஆலையில் விளங்கிய பாடம். கஸ்கேடியாவில் பிறந்த தனிநாட்டுக் கனவுகளில் பலித்த ஒன்று அதுதான், அதுவும் வேறொரு நாட்டுக்காக.

எங்கள் சனமும் கேட்க ஆளில்லாமல்தான் நாடு கேட்டது. 1976இல் வட்டுக்கோட்டையில் தீர்மானம் போட்டார்கள். 1983 ஆகஸ்டில் இலங்கை அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்தது. அமைதியாகக்கூடத் தனிநாடு என்று பேசக் கூடாது, பேசினால் சொத்தும் குடிசார் உரிமைகளும் போகும். சத்தியம் செய்ய மறுத்த தமிழ் எம்பிக்கள் ஆசனத்தை இழந்தார்கள். வாயால் பேசுகிற வழி அதோடு மூடியது. பிறகு நடந்ததை இந்த மடலில் எழுத எனக்கு மனமில்லை. 2009 மே வரை வந்து முடிந்தது.

நீங்கள் ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1869இலேயே ஒரு மாநிலம் தானாகப் பிரிய முடியாது என்று சொல்லிவிட்டது. கனடாவில் 1998 தீர்ப்பு, தெளிவான பெரும்பான்மை வாக்களித்தால் பேச்சுவார்த்தை நடத்தியாக வேண்டும் என்கிறது. இரண்டிலும் கனவைச் சொன்னதற்காக யாரும் கதவைத் தட்டவில்லை. அது எவ்வளவு பெரிய சொத்து என்று உங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

2025இல் இந்த எரிச்சல் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போர்ட்லாந்துக்குத் தேசியக் காவற்படையை அனுப்ப வாஷிங்டன் டிசி உத்தரவு போட்டு, நீதிமன்றம் இடைமறித்த நாட்களில், அங்கே சரக்கு இறக்குகிற இடத்தில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் "நாங்களும் உங்களோடு வந்துவிடலாமா?" என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது? கனடா 51ஆவது மாநிலமாக வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி சொல்லி, கனடாப் பொருட்களுக்கு வரியும் போட்டதும், பிரிட்டிஷ் கொலம்பியாவில் அமெரிக்க மதுப்போத்தல்கள் அலமாரியிலிருந்து இறங்கின, ப்ளெய்னில் கார் வரிசை சுருங்கியது, எங்கள் தெருவில் முதல்முறையாக மேப்பிள் இலைக் கொடிகள் ஏறின. நீங்கள் எல்லையை அழிக்க ஆசைப்பட்ட அதே வருடம் நாங்கள் அதைக் கட்டிப்பிடித்தோம்.

அந்த வருடம் மகனோடு பெல்லிங்ஹாம் போனேன். 1907ஐ நினைத்து 2018இல் அங்கே ஒரு கல் வளைவு வைத்திருக்கிறார்கள், பார்க்க ஆசை. எல்லையில் அதிகாரி ஸ்டிக்கரைப் பார்த்து, அது என்ன என்றார். மகன் "ஃபுட்போல்" என்றான். "எந்த அணி?" "வன்கூவர் வைட்கேப்ஸ்." அவர் சியாட்டில் ரசிகராம். முகத்தைச் சுளித்துவிட்டுப் போகச் சொன்னார். கொஞ்சத் தூரம் போனதும், "வராத நாடு என்று ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "அப்பா, அவரிடம் துவக்கு இருந்தது" என்றான்.

உங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிகன் 1859இல் மாநிலமானபோது அதன் அரசியலமைப்பிலேயே கறுப்பர் வரக் கூடாது என்று எழுதியிருந்தது. 1926இல்தான் நீக்கினார்கள். ஐடஹோவின் ஹேடன் லேக்கில் நாஜிக் கும்பல் ஒன்று இதே வடமேற்கை வெள்ளையர் தாயகமாக்கப் போவதாகச் சொல்லி, 2000இல் ஒரு வழக்கில் தோற்று இடத்தை இழக்கும் வரை குந்தியிருந்தது. அவர்கள் போட்ட வரைபடமும் உங்களுடையதும் பாதிக்கு மேல் ஒன்று. நீங்கள் அவர்களைப் போல அல்ல, தெரியும். ஆனால் எந்த மரத்தைக் கொடியில் போட்டாலும் அதன் நிழலில் யாரும் வந்து இருக்கலாம். அப்புறம், கஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கிறவர்கள். யாக்கிமா, பென்டில்டன் பக்கம் ஓடும்போது உங்கள் கொடியை நான் கண்டதே இல்லை. கிழக்கு ஓரிகனில் 13 கவுண்டிகள் ஐடஹோவோடு சேரும் யோசனைக்கு வாக்களித்திருக்கின்றன. அவர்களுக்கும் ஓர் இரண்டாவது கதவு வேண்டும் போல.

மகன் மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது கேட்டான், பயோரீஜனுக்குத் தமிழில் என்ன என்று. அகராதிச் சொல் எதுவும் வாயில் நிற்கவில்லை. பிறகு எனக்குள் தட்டியது: திணை. மலை குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல். ஒரு பூவின் பெயரில் ஒரு நிலம். அந்த நிலத்துக்கென்று மரம், பறவை, சாப்பாடு, தொழில், பறை, தெய்வம். எங்கள் பழைய இலக்கணக்காரர்கள் போட்ட கணக்கு, நீங்கள் மரத்தைக் கொடியில் போட்டுச் சொல்வதுதான். ஒரு வித்தியாசம். குறிஞ்சிக்கென்று தனி அரசன் இருக்கவில்லை, நெய்தலுக்கென்று தனிக் கொடி இருக்கவில்லை. சேரனிடமும் மலை இருந்தது, பாண்டியனிடமும் மலை இருந்தது. மூன்று அரசர்களின் கடற்கரையிலும் ஒரே மாதிரி மீன் காய்ந்தது. ஒருவன் நெய்தல்காரனாகவும் இருந்தான், சோழ நாட்டானாகவும் இருந்தான்.

அந்த மாதிரி ஆட்கள் உங்கள் கரையில் ஏற்கெனவே இருக்கிறார்கள். சினிக்ஸ்ட் என்ற ஆதிமக்களைக் கனடா 1956இல் அழிந்துபோன இனம் என்று அறிவித்தது. அவர்கள் அழியவில்லை, எல்லைக்குத் தெற்கே வாஷிங்டனில் இருந்தார்கள். 2010இல் ரிச்சர்ட் டெசோட்டெல் வடக்கே வந்து, தன் பாட்டன் காட்டில் ஓர் எல்க் மானைச் சுட்டார். வழக்குப் போட்டார்கள். 2021இல் கனடா உச்ச நீதிமன்றம், அவர் அமெரிக்காவில் இருந்தாலும் கனடாவின் ஆதிமக்களில் ஒருவர்தான் என்றது. அவர் கோட்டை அழிக்கவில்லை, புது நாடும் கேட்கவில்லை. ஒரு மானை வைத்து இரண்டு நாட்டுச் சட்டத்துக்குள்ளும் தன் நிலத்தைக் கொண்டுவந்தார்.

உங்கள் கொடியோடு போய் நிற்க நான் ஓர் இடம் சொல்வேன்: கொலம்பியா ஆறு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்து, ஏறக்குறைய 2000 கிலோமீட்டர் ஓடி, அஸ்டோரியாவில் விழுகிறது. 1964இல் நடைமுறைக்கு வந்த கனடா-அமெரிக்க ஆற்று ஒப்பந்தத்துக்காக மேலே கனடாவில் அணை கட்டி, ஏரோ ஏரிப் பள்ளத்தாக்கில் 2,300 பேரளவில் ஊரை விட்டு எழுப்பினார்கள். கீழே கிராண்ட் கூலி அணை 1940கள் முதல் சால்மனை மேலே விடுவதில்லை. (ஊரில் நாங்கள் ரின் மீனைத்தான் சமன் என்போம், உள்ளே இருப்பது வேறு மீன். உண்மையான சால்மனை நான் முதலில் பார்த்தது இங்கே ஓர் ஆற்றில், அது குதித்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.) 2024 ஜூலையில் இரண்டு நாடும் புது ஒப்பந்தத்துக்குக் கொள்கையளவில் உடன்பட்டன. 2025இல் அமெரிக்கப் பக்கம் பேச்சை நிறுத்திவைத்தது. கஸ்கேடியாவுக்கு இதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது? பேச்சு நின்ற செய்தி வந்த கிழமை சியாட்டிலிலோ போர்ட்லாந்திலோ உங்கள் கொடி ஒன்றைத் தெருவில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. மைதானத்தில் பார்த்தேன். எவர்சன் கரைக்கும் அப்படித்தான். அதை உயர்த்துவதா, எங்கே தண்ணீரை விடுவது என்று இரண்டு பக்கத்து ஊர்களும் செமாத், நூக்சாக் மக்களும் பேச வேண்டிய மேசையில் உங்களில் நாலு பேர் போய் இருந்தால் போதும். நாடு இல்லாமலே செய்யலாம்.

மேசைக்குப் போனால் சொல்லுங்கள். நான் சாப்பாடு கொண்டுவருகிறேன், ட்ரக்கில் இடம் இருக்கிறது. பீஸ் ஆர்ச்சில் பையோடு நிற்பவனைப் பற்றிய பதிலையும் எழுதுங்கள்.

மகன் மொழிபெயர்ப்பை முடித்துவிட்டான். 'திணை' என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டிருக்கிறான், அதற்கு இங்கிலிஷில் ஒன்றும் கிடைக்கவில்லையாம். மற்ற இடங்களில் பிழை இருந்தால் அவனையே கேளுங்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, காரின் பின்னால் உங்கள் மரம் இருக்கிறது.

இப்படிக்கு,
சரேயிலிருந்து ஒரு ட்ரக் ஓட்டுநர்